படிவத்தின் கடைசி வரி

கேள்வி: கொரோனாவில் பெரு நாட்டில் லட்சம் பேருக்கு ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள் என்று படித்தேன். நம் நாட்டுக் கணக்கு லட்சத்துக்கு நாற்பதைக்கூட எட்டவில்லை. ரசமும் மஞ்சளும்தான் நம்மைக் காப்பாற்றியதா, டாக்டர்?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பெருவின் எண்ணிக்கை எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள், அம்மா. 2021 மே மாதக் கடைசி வரை அங்கே அரசு சொன்ன கணக்கு ஏறத்தாழ 69,000. மே 31 அன்று அதே அரசு 1,80,764 என்று திருத்தி அறிவித்தது. கூடுதலாகச் சேர்ந்த அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் பேரும் முன்பே இறந்துபோனவர்கள், பலர் மாதக்கணக்கில் முன்பே. பரிசோதனையில் பாசிட்டிவ் வந்திருந்தால்தான் கொரோனா சாவு என்று அதுவரை எண்ணியிருந்தார்கள். பரிசோதனை கிடைக்காமலே போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. மறைக்காமல் திருத்தியதற்காக அந்த நாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் திருத்திய அன்றே 'உலகிலேயே மோசமான நாடு' என்ற பெயரும் அதற்கு வந்து சேர்ந்தது.

பெல்ஜியத்துக்கும் இப்படித்தான் கெட்ட பெயர் வந்தது. முதியோர் இல்லங்களில் பரிசோதனை செய்யாமல், கொரோனாவாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு இறந்தவர்களையும் அவர்கள் தொடக்கத்திலிருந்தே சேர்த்து எண்ணினார்கள். இங்கிலாந்தில் இன்னொரு விதம். ஒருமுறை பாசிட்டிவ் வந்தவர் பிறகு எப்போது, எதனால் இறந்தாலும் கொரோனாக் கணக்கில் ஏற்றினார்கள். 2020 ஆகஸ்டில் '28 நாட்களுக்குள் இறந்தால் மட்டும்' என்று விதியை மாற்றியதும் மொத்தத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் குறைந்துபோனது.

ஒருவர் எதனால் இறந்தார் என்று மருத்துவர் எழுதும் படிவத்தை நானே எழுதிய கை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2021 மே மாதம், இரவு இரண்டு மணி இருக்கும். 58 வயது அம்மா ஒருவர் எங்கள் வார்டில் இறந்தார். ஆர்.டி.பி.சி.ஆர். நெகட்டிவ். சி.டி. ஸ்கேனிலோ இரண்டு நுரையீரலும் வெள்ளை படர்ந்து கிடந்தன. பயிற்சி மருத்துவர் பையன் பேனாவோடு நின்றான். "சார், நெகட்டிவ்தானே, நிமோனியான்னு மட்டும் போட்டுடவா?" என்றான். ஆய்வகம் உறுதி செய்யாவிட்டாலும், நோயின் போக்கை வைத்துக் கொரோனா என்று முடிவு செய்ய உலக சுகாதார நிறுவனம் தனிக் குறியீடே வைத்திருந்தது. அதைக் காட்டி எழுதச் சொன்னேன். பக்கத்து வார்டில் வேறொருவர் பணியில் இருந்திருந்தால் அந்த அம்மா வேறு கணக்கில் போயிருப்பார்.

இறப்புக் காரணப் படிவத்தில் முதல் வரி, உயிர் பிரிந்த உடனடிக் காரணம். அதன் கீழே அதற்கு எது காரணம், அதற்கும் கீழே அதற்கு எது காரணம். புள்ளிவிவரத்துக்குப் போவது அந்தக் கடைசி வரிதான். பலர் முதல் வரியில் 'இதயம் நின்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். யார் செத்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும்! இந்தியாவில் 2020-இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை நூற்றுக்கு 22 அளவுதான். அந்த வருடம் ஜூலையில் தமிழ்நாட்டிலேயே விடுபட்டிருந்த 444 சாவுகளைப் பிறகு சேர்த்தார்கள்.

இதற்காக வித்தியாசம் எல்லாம் எழுத்தில்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இத்தாலியில் நூற்றுக்கு 23 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள், இங்கே ஏழு பேர். இந்த நோய் முதியவர்களைத்தான் அதிகம் கொண்டுபோனது. ஆனால் பெருவும் இளைய நாடுதான். அங்கே ஆக்சிஜன் சிலிண்டருக்கு இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசை நமக்கும் தெரியும்.

ஆகவே நாடுகளை ஒப்பிட நான் நம்புவது ஒரே கணக்கைத்தான்: வழக்கமான வருடத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள்? அதற்குக் காரண வரியே வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் அப்படி மதிப்பிட்டபோது, 2020, 2021 இரண்டு வருடங்களுக்கு உலகம் முழுவதும் 1 கோடியே 49 லட்சம் வந்தது. நாடுகள் சொல்லியிருந்தது 54 லட்சம். இந்தியாவுக்கு 47 லட்சம் என்றார்கள், நம் அரசுக் கணக்கு அப்போது 5 லட்சத்தை ஒட்டி இருந்தது. கணக்கிட்ட முறையை மத்திய அரசு ஏற்கவில்லை. எண்ணில் சண்டை இருக்கட்டும். 2021 மே மாதத்தை வார்டில் கழித்த நான், குறைவாகத்தான் எண்ணினோம் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

ரசம் வையுங்கள், நல்லதுதான். அந்த நாற்பதுக்குக் காரணம் அதுவல்ல.

கேள்வி: கொரோனா காலத்தில், எட்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு அப்பா வீட்டிலேயே இறந்தார். சான்றிதழில் 'மாரடைப்பு' என்று இருக்கிறது. இது சரியா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பது நிவாரணம் கொடுத்தபோதுதான் கொஞ்சம் வெளியே வந்தது. பாசிட்டிவ் வந்து 30 நாளுக்குள் இறந்தால் கொரோனா சாவுதான் என்று விதி வந்து, குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்றும் ஆனது. குஜராத்தில் அரசுக் கணக்கு பத்தாயிரம் அளவில் இருக்க, அதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான குடும்பங்களுக்கு நிவாரணம் கிடைத்தது. விதி கொஞ்சம் அகலமானது என்பதும் உண்மை. ஆனாலும் அத்தனை வீடுகளிலும் ஒருவர் இல்லை.

அப்பாவின் காய்ச்சல் சீட்டு, ஸ்கேன், ஆக்சிஜன் அளவு குறித்த காகிதம் எது இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். வீட்டில் இனி யாருக்காவது நேர்ந்தால், கையெழுத்துப் போடும் மருத்துவரிடம் காய்ச்சல் எத்தனை நாள், மூச்சு எப்போது வாங்கியது என்று நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்திருப்பார்.