குளிர் நாடுகளில், குளிர்காலத்தில் மப்பும் மந்தாரமுமாக இருக்கும் நாளில் வயல்வெளிப் பக்கம் நடக்கப் போவதில் அப்படி என்ன கிடைக்கிறது?

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டேதான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.

முதலில் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; விளக்கு போட்ட வீட்டு அறையில் பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ்தான் இருக்கும். வானம் முழுக்க மூடிக் கிடந்தாலும் நடுப்பகலில் வெளியே ஆயிரம் லக்ஸைத் தாண்டும். குளிர்காலத்தில் வந்து போகும் மனச்சோர்வைப் பற்றி மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால் குழுவினர் 1984-ல் எழுதியபோது அதற்கு முயன்று பார்த்த சிகிச்சையே வெளிச்சம்தான். நடந்தால் மனச்சோர்வு தீர்ந்துவிடும் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஒன்றிரண்டு மணி நேரம் இல்லாமல் அந்த மாதங்களைத் தள்ள முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம், மழையில்தான் பார்க்கக் கிடைக்கிறவை இருக்கின்றன. பழைய மரக் கேட்டில் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) ஒட்டியிருக்கும், காய்ந்த நாளில் வெளிறிப்போய், தொட்டால் பொடிந்துவிடும் போல. அதுவே நனைந்ததும் மேல்தோல் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே குடியிருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரியும். ஒரு துளி தண்ணீர் விட்டாலே அந்த இடம் மட்டும் கண்முன்னே நிறம் மாறும். இலையெல்லாம் உதிர்ந்துவிடுவதால் போன வருஷத்துப் பறவைக்கூடுகளும் அப்போதுதான் கண்ணில் படும்.

இதற்காக எப்படி வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று அர்த்தமில்லை. ஒருமுறை தோழி ஒருத்தி என்னோடு வந்தாள். மேலே நல்ல மழை ஜாக்கெட், கீழே ஜீன்ஸ். தூறல்தானே, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு உறைகிற குளிர்கூட இல்லை. முட்டி உயரப் புல்லுக்குள் நடந்ததில் அரை மணி நேரத்துக்குள் ஜீன்ஸ் தொடை வரைக்கும் தொப்பலாகிவிட்டது, மேட்டில் ஏறியதும் காற்று வேறு. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்தினாள். ஜாக்கெட் ஜிப்பை இழுத்து விடப் பார்க்கிறாள், விரல் கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பையில் இருந்த மாற்றுக் கம்பளி ஸ்வெட்டரையும் காற்றுத் தடுப்புப் பேன்ட்டையும் போடவைத்து, சூடாகக் குடிக்கக் கொடுத்து, குறுக்கு வழியில் கீழே கூட்டிவந்தேன். தண்ணீர் காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். பருத்தி அந்தத் தண்ணீரை விடாமல் உடம்போடு ஒட்டவைத்துக்கொள்ளும், கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். ‘இவ்வளவு ஜாக்கிரதை எதற்கு, சும்மா வாக்கிங்தானே’ என்பவர்கள் அந்த விரல்களைப் பார்த்திருக்க வேண்டும்.

மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்று சொல்ல ஒருவராவது வருவார். சளி வைரஸால் வருகிறது, மழையால் இல்லை.

என் உண்மையான ஆத்திரம் மழை மேல் இல்லை, நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தின் மேல்தான். காலையில் இருட்டோடு உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே விடுவார்கள். நடுவில் இருந்த ஒரே மதிய இடைவேளையிலும் மீட்டிங் வைப்பார்கள், கேட்டால் எல்லாருக்கும் தோதான நேரம் என்பார்கள். யாருக்குத் தோது? கோடையில் ராத்திரி வரை வெளிச்சம் இருக்கும்போது வைத்துக்கொள்ளட்டுமே. பகலே எட்டு மணி நேரம்தான் என்கிற மாதத்தில் அந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்குவதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

சரி, நீங்கள் போவதாக இருந்தால்: ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவும், சமதளத்தில் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். சேற்றில் அது செல்லாது, பாதி நேரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள், டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகுக்காற்று இருக்கிற மாதிரி வழியைத் தேர்ந்தெடுங்கள். சேறு வந்தால் நடுவிலேயே இறங்கி நடங்கள். எல்லாரும் ஓரம் கட்டி ஓரம் கட்டித்தான் ஒற்றையடிப் பாதை வயலுக்குள் அகலமாகிப் பயிர் மிதிபடுகிறது. வீட்டுக்கு வந்ததும் தோல் ஷூவை ஹீட்டர் பக்கம் வைக்காதீர்கள், தோல் காய்ந்து வெடிப்பு விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றி வையுங்கள்.