வாசகர் கேள்வி – பதில்: ஆதித்யாவுக்கு அவுஸ்திரேலியாவில் என்ன வேலை?

ஆதித்யா எல்-1 இந்தியாவின் செய்மதிதானே? ஐரோப்பாவின் அன்ரெனாக்கள் எதற்கு? (மாணவி, உவர்மலை)

சூரியனை ஆராயும் ஆதித்யா இருப்பது சூரியன் இருக்கும் திசையில், பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில். ஆகவே அது சூரியனோடு உதித்து சூரியனோடு மறையும். திருகோணமலையில் பொழுதுபட்டுச் சற்று நேரத்தில் பெங்களூருக்கு அருகிலுள்ள பியாலாலுவிலும் பொழுதுபடும். அங்குள்ள 32 மீற்றர் அன்ரெனாவுக்கு ஆதித்யா அடிவானத்தின் கீழே போய்விடும். அப்போது இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் பகல். பிறகு தென்னமெரிக்காவின் கூரு. அங்கும் இருட்டும் வேளையில் மேற்கு அவுஸ்திரேலியாவின் நியூ நோர்சியாவில் விடிந்துவிடும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் இந்த மூன்று இடங்களின் வழியாகவும் உதவுகிறது.

அன்ரெனா மட்டும் போதாது. சூரியனுக்கும் பூமிக்கும் இடையே, இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து செய்மதியைப் பூமியோடு கூடவே சூரியனைச் சுற்றவைக்கும் இடம்தான் எல்-1. செய்மதி சரியாக அந்தப் புள்ளியிலேயே நின்றால் பூமியிலிருந்து பார்க்கும்போது நேர் பின்னால் சூரியன் இருக்கும். அதன் வானொலி இரைச்சலில் மெல்லிய சமிக்ஞை மூழ்கிவிடும். அதனால்தான் அந்தப் புள்ளியைச் சுற்றிய பாதை. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 178 நாட்கள். இப்பாதை தானாக நிலைத்து நிற்காது. அவ்வப்போது திருத்தாவிட்டால் செய்மதி விலகிப் போய்விடும். திருத்துவதற்கு அது எங்கே இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். அதைக் கணிக்க இஸ்ரோ எழுதிய மென்பொருளைச் சரிபார்க்கவும் ஐரோப்பியர்கள் உதவினார்கள். என் பார்வையில் அன்ரெனாவைவிட இதுவே பெரிய உதவி.

செய்மதி தொலைந்துபோனால் கூட்டாளி நாடுகளால் மீட்க முடியுமா? (வாசகர், நிலாவெளி)

மீட்டிருக்கிறார்கள். நாசாவும் ஐரோப்பாவும் சேர்ந்து இயக்கிய சூரிய ஆய்வுச் செய்மதியான சோகோ, 1998 ஜூன் 25 அன்று தவறான கட்டளைத் தொடரால் நிலைகுலைந்தது. சூரியத் தகடுகள் வெயிலை விட்டு விலகின. மின்சாரம் போனது, ஹைட்ரசின் எரிபொருள் உறைந்தது. ஜூலை 23 அன்று புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ அன்ரெனா ரேடார் அலையை அனுப்ப, கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் எதிரொலியைப் பிடித்தது. செய்மதி மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. நாட்கள் செல்லச் செல்லத் தகடுகளில் மீண்டும் வெயில் பட்டது. முதலில் பற்றரியை ஏற்றி, பிறகுதான் தாங்கியிலும் குழாய்களிலும் உறைந்திருந்த எரிபொருளை உருக்கினார்கள். செப்டெம்பரில் சோகோ மீண்டும் சூரியனை நோக்கியது.

இங்கிருந்தபடி நாங்கள் ஏதாவது செய்யலாமா? (ஆசிரியர், மூதூர்)

தாராளமாக. சூரியனின் வட்டை மறைத்துவிட்டு அதன் சுற்றுப்புறத்தைப் படமெடுக்கும் சோகோவின் லாஸ்கோ கமராப் படங்கள் இணையத்தில் இலவசம். 2024 மார்ச்சில் அவற்றில் 5,000ஆவது வால்வெள்ளி கண்டறியப்பட்டது. பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள் தன்னார்வலர்களே. அடுத்தடுத்த நான்கைந்து படங்களை 1024 புள்ளி (பிக்சல்) அளவில் எடுங்கள். சிறிய படத்தில் மங்கலான வால்வெள்ளி தெரியாது. ஒரே படத்தில் மட்டும் தோன்றும் கீற்று அண்டக்கதிர் பட்டது. அசையாத புள்ளி கமராவின் குறை. எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் நட்சத்திரங்கள். தனி வழியில் சீராக நகர்வதே உங்களுக்கு வேண்டியது. இப்படிக் கண்ட வால்வெள்ளிகளைப் பதிவுசெய்யும் சன்கிரேசர் திட்டத்துக்கு அறிவிக்கும்போது படத்தின் நேரத்தோடு வால்வெள்ளியின் இடத்தையும் பிக்சல் எண்ணிக்கையில் எழுதுங்கள். எந்த மூலையிலிருந்து எண்ணினீர்கள், மேல் இடதா கீழ் இடதா என்பதையும் குறிப்பிடுங்கள். அது மாறினால் வால்வெள்ளி படத்தின் மறுபாதிக்குப் போய்விடும்.