மலையகத்தில் வீட்டுக்கு வெளியே வளர்க்க எந்த நாய் ஏற்றது?

தலவாக்கலைப் பக்கம் புதிதாகக் குடியேறியிருப்பதாகவும், மரக்கறித் தோட்டத்துக்கும் கோழிக்கூட்டுக்கும் காவலாக வெளியிலேயே வளர்க்கக்கூடிய நாயொன்று தேவையென்றும், குளிர்ப் பிரதேசம் என்பதால் சைபீரியன் ஹஸ்கி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹஸ்கி வேண்டாம். நல்ல ஊர் நாய்க் குட்டியொன்றையோ, ஊர் நாயும் அல்சேஷனும் கலந்த குட்டியொன்றையோ எடுங்கள். எதை எடுத்தாலும் இரவில் அதைக் கூட்டில் அடைத்து வையுங்கள்.

நமது பகுதியில் வெளியில் கிடக்கும் நாயை வாட்டுவது குளிரைக் காட்டிலும் ஈரம்தான். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலேயே ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஜனவரி, பெப்ரவரி மாத விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு என்றாலும், வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். உடல் தேறிய நாய்க்கு அது பெரிய குளிரன்று. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையை அப்படிச் சொல்ல முடியாது. வட்டவளையில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். மழை விட்ட நாளிலும் மூடுபனி விடாது, கொடியில் போட்ட துணியே மூன்று நாளுக்குக் காயாது.

ஹஸ்கி, சைபீரியாவின் வறண்ட உறைகுளிரில் சறுக்குவண்டி இழுப்பதற்காகச் சுக்சி மக்கள் வளர்த்தெடுத்த இனம். அதன் வெளிமயிருக்குக் கீழே அடர்ந்த அடிமயிர் உண்டு. அது தோல்வரை நனைந்துவிட்டால் நமது காற்றில் எளிதில் உலராது, நாற்றம் எடுக்கும், பூஞ்சை பற்றும், நாய் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும். அதைவிடப் பெரிய குறை, அது காவல் நாயே அன்று என்பதுதான். அந்நியரிடமும் குழைந்துகொண்டு போகும், வேலியின் கீழ் மண்ணைப் பறித்து வெளியேறும், உங்கள் கோழிகளுக்கு முதல் எதிரியாகவும் ஆகிவிடும்.

அல்சேஷன் நல்ல காவல் நாய் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கும் இரட்டை மயிர்தான். நாள்தோறும் சீவி உலர்த்த ஓர் ஆள் இல்லாத வீட்டில் மழைக்காலம் முழுவதும் தோல் நோயோடு போராட வேண்டியிருக்கும். இடுப்பு மூட்டுக் கோளாறும் அந்த இனத்தில் மிகுதி என்பதால் ஏற்ற இறக்கமான நிலத்தில் முதுமைக்காலம் அதற்குத் துன்பமாகிவிடலாம். டோபர்மேன், பொக்ஸர் போன்றவை அடிமயிர் இல்லாதவை. அவை வீட்டுக்குள் படுக்க வேண்டிய நாய்கள். லாப்ரடோரின் மயிர் நீரை நன்கு வழித்துவிடும் என்பது உண்மையே, எனினும் அதன் தொங்கும் காதுகளுக்குள் ஈரம் தங்கிச் சீழ் பிடிக்கும். மனிதரை விட்டுத் தனியே வெளியில் கிடக்கவும் அதனால் இயலாது. ரொட்வைலர் வெளியில் தாங்கும், ஆனால் லயத்துப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பிள்ளைகள் ஓடிவரும் பாதையோரத்தில், முதன்முறையாக நாய் வளர்ப்பவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஊர் நாயின் மயிர் குட்டையானது, உடலோடு ஒட்டியது, சிறிது வெயில் பட்டாலே உலர்ந்துவிடுவது. நிமிர்ந்த அல்லது பாதி மடிந்த காதில் காற்றோட்டம் உண்டு. பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ எடைக்குள் நிற்பதால் தீனிச் செலவும் குறைவு. இந்தத் தட்பவெப்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்தது என்பதே அதன் தகுதிச் சான்றிதழ். எங்கள் வீட்டில் இப்போதிருப்பதும் லயத்தில் பிறந்த ஒரு பெட்டை நாய்தான். தெருமுனையில் அறியாத காலடி கேட்டாலே குரைத்துவிடும். ஊர் சுற்றும் பழக்கம் ஒன்றுதான் குறை. காட்டுப் பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் நாய்கள் சிக்குவதால் அது சிறிய குறையும் அன்று. மிருக வைத்தியரிடம் கருத்தடை செய்துவிட்டால் அலைச்சல் வெகுவாகக் குறையும்.

சிறுத்தையை நினைக்காமல் இங்கே நாய் வளர்ப்பதைப் பற்றிப் பேச முடியாது. மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை எங்கும் தேயிலை மலைகளை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் அவை வாழ்கின்றன, இரவில் லயத்து வாசல்வரை வந்து நாயைக் கௌவிக்கொண்டு போகின்றன. காவலுக்கென்று இரவில் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய், ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் அதற்கு இரையாகும். எத்தனை பெரிய இனமானாலும் சிறுத்தையோடு மோதிப் பிழைக்காது. ஆகவே காவல் நாயின் வேலை குரைத்து உங்களை எழுப்புவதுடன் முடிந்துவிட வேண்டும். குரைப்பதை அது பூட்டிய கூட்டுக்குள்ளிருந்தே செய்யலாம்.

அந்தக் கூட்டை வீட்டுச் சுவரோடு ஒட்டி, நாலு பக்கமும் மேற்புறமும் தடித்த கம்பிவலை அடித்து அமையுங்கள். மேலே மட்டும் திறந்திருந்தால் பூட்டியும் பயனில்லை. உள்ளே படுக்கும் பெட்டி தரையிலிருந்து ஓர் அடியேனும் உயர்ந்திருக்கட்டும், வாசல் தென்மேற்கை நோக்காதிருக்கட்டும். பெட்டி பெரிதானால் நாயின் உடற்சூடு அதற்குள் தங்காது; நின்று திரும்பிப் படுக்குமளவு போதும். சாக்கை விரிப்பதுதான் நம்மவர் வழக்கம், ஆனால் நனைந்த சாக்கு வெறும் பலகையைவிடக் கேடானது. உலர்ந்த மானாப் புல்லையோ வைக்கோலையோ இட்டு, அடிக்கடி மாற்றுங்கள்.

விசர்நாய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும், பிரதேச சபையில் பதிவும் செய்துகொள்ள வேண்டும். வெளியில் வளரும் நாய்க்கு உண்ணி தவிர்க்க முடியாதது. அது பரப்பும் பபேசியா ஒட்டுண்ணி சிவப்பணுக்களை அழித்துவிடுவதால், நாய் சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்துக் கண்டால் மறுநாள் வரை பார்த்திருக்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

குட்டியை ஜனவரி வாக்கில் எடுப்பது நல்லது. முதல் சில வாரம் குசினியில் படுக்கவைத்து, தடுப்பூசிகளை முடித்து, பிறகு கூட்டுக்குப் பழக்கினால், மே மாத மழை தொடங்கும்போது அது வெளியில் தாங்கும் வயதுக்கு வந்திருக்கும்.