கார் டயருக்கு எவ்வளவு காத்து? கேள்வி பதில்

பாலக்கோட்டிலிருந்து: அண்ணா, தொப்பூர் கணவாய் இறங்கினதும் பங்க்ல செக் பண்ணினேன். 33 இருக்க வேண்டியது 38 காட்டுச்சு. இறக்கி 33 வச்சேன். காலையில பார்த்தா 28. லீக்கா?

பதில்: லீக் இல்லை தம்பி. ஓட்டத்திலும், இறக்கத்தில் பிரேக் போட்ட சூட்டிலும் ஏறினதுதான் அந்த 5 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தின் அலகு). சூடான டயரில் காத்தை இறக்கவே கூடாது. ஆறினதும் இப்படித்தான் குறையும். 28-லேயே நாலு வழிச்சாலையில் விரட்டினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி இன்னும் சூடேறும். வெடிக்கிற டயர்கள் பல அப்படித்தான் வெடிக்கின்றன. வண்டி 3 மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் ஏறுமுன் அளந்து 33 வையுங்கள். பங்க் 2 கிலோமீட்டருக்குள் இருந்தால் மெதுவாக ஓட்டிப்போய் அடிக்கலாம்.

ஓசூரிலிருந்து: சார், டயர்லயே 51 பிஎஸ்ஐ-னு போட்டிருக்கே?

பதில்: அது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும். அழுத்தத்தின் இன்னொரு அலகான கேபிஏ-வில் 230 என்றிருந்தால் 33 பிஎஸ்ஐ. ஆள் நிறைய, சுமை நிறைய என்றால் தனி அளவு இருக்கும். மாம்பழக் கூடை ஏற்றும் நாளில் பின் டயருக்கு அதைப் பாருங்கள். இன்னொன்று, 5, 6 டிகிரி குளிர்ந்தால் 1 பிஎஸ்ஐ குறையும். மார்கழிக் காலையில் உங்கள் ஊரில் கட்டாயம் அளங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: ஒரே டயர்ல மட்டும் வாரம் 3 பிஎஸ்ஐ குறையுது. பஞ்சர் கடையில ஆணி எதுவும் இல்லைங்கறாங்க.

பதில்: மூடியைக் கழற்றி வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணி விடுங்கள். குமிழி மெல்ல உப்பினால் வால்வுக்குள் இருக்கும் 'பின்' என்ற ஊசி தளர்ந்திருக்கும், அல்லது மண் சிக்கியிருக்கும். பின்னை மாற்றினால் போதும். அங்கே இல்லையென்றால் வால்வின் அடி ரப்பர், பிறகு ரிம் விளிம்பு முழுக்கத் தடவுங்கள். பள்ளத்தில் இடித்து ரிம் லேசாக வளைந்தாலும், துரு பிடித்தாலும் அந்த விளிம்பில் நுரை பொங்கும். டயரைக் கழற்றி விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டச் சொல்லுங்கள். மூடியைத் தொலைக்காதீர்கள், மண் உள்ளே போகாமல் காப்பது அதுதான்.

தருமபுரியிலிருந்து: நைட்ரஜன் அடிச்சா செக் பண்ணவே வேண்டாமாமே?

பதில்: வேண்டும். சாதாரணக் காத்திலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எதுவானாலும் மாதம் ஒரு தடவை அளங்கள், ஸ்டெப்னியையும் சேர்த்து.