பழைய தூண் கம்பியோடு புதுக் கம்பியை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில், கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. மேல்மாடி கட்டுவதற்கென்று எட்டு வருடங்களுக்கு முன் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருந்தோம். 12 மில்லிமீற்றர் கம்பி, சிலாப்புக்கு மேலே ஒரு அடிதான் நிற்கிறது. புதுக் கம்பியை அதோடு வெல்டிங் பிடிக்கலாம் என்கிறார் மேசன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இப்போது கடைகளில் கிடைக்கும் வரிக் கம்பிகளில் பெரும்பாலானவை, ஆலையில் தணலாக உருளைகளுக்கிடையிலிருந்து வரும்போதே தண்ணீர் பாய்ச்சி வெளித்தோல் இறுக்கப்பட்டவை. அதன் பலத்தில் பெரிய பங்கு அந்தத் தோலில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்டால் தோல் இளகிவிடும். வெல்டிங்குக்கென்றே செய்த கம்பிகளும் உண்டு. ஆனால் உங்கள் தூணில் இருப்பது எந்த வகை என்று இன்று யாரால் சொல்ல முடியும்?

வீடுகளுக்கு வழக்கமான முறை, இரண்டு கம்பிகளையும் பக்கம் பக்கமாக வைத்துக் கட்டுவது. கட்டுக்கம்பிதான் அவற்றைச் சேர்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது கொங்கிறீட் போடும்வரை கம்பி அசையாமல் பிடிப்பதோடு சரி. ஒரு கம்பியின் பாரத்தை மற்றதற்குக் கடத்துவது இடையில் இருக்கும் கொங்கிறீட். அதற்கு நீளம் வேண்டும். கம்பியின் விட்டத்தைப் போல் 50 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்: 12க்கு 600 மில்லிமீற்றர், அதாவது இரண்டு அடி. 16க்கு 800. உங்களிடம் பாதிதான் இருக்கிறது.

நீளத்தை யோசிக்க முதல் துருவைப் பாருங்கள். கம்பி சிலாப்பை விட்டு வெளியே வரும் அந்த ஒரு அங்குலத்தில்தான் மழைத்தண்ணீர் தேங்கும், உப்பு தங்கும். அங்கே சுத்தியலால் தட்டி, செதிலாக வருவதை உதிர்த்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, வேர்னியர் அளவுகருவியால் அளந்து பாருங்கள். 12 இருந்த இடத்தில் 10 காட்டினால் இரண்டு மில்லிமீற்றர்தானே என்று விடாதீர்கள். வெட்டுமுகப் பரப்பு 113 சதுர மில்லிமீற்றரிலிருந்து 79க்கு இறங்கிவிட்டது. பலத்தில் சுமார் 30 சதவீதம் போய்விட்டது.

அப்புறம் வழி என்ன? பழைய கம்பிக்குப் பக்கத்திலேயே கீழ்த் தூணுக்குள் துளையிட்டு, எபொக்சி என்ற இறுகும் பசையில் புதுக் கம்பியை இறக்குவது. இதை ஒரு கட்டமைப்புப் பொறியியலாளர் வந்து பார்த்து, ஆழத்தைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். பீம் கம்பிகள் நெருங்கும் இடம் அது, வெட்டுப்பட்டால் வீட்டுக்கே கேடு. நாலு அங்குலம் துளைத்தால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். துளையை ஊதி, தூரிகை போட்டு, திரும்பவும் ஊத வேண்டும். தூள் இருந்தால் பசை தூளில்தான் ஒட்டும், தூணில் ஒட்டாது. நான் பார்த்த வேலைகளில் அதிகம் கெட்டது இந்த இடத்தில்தான்.

இரண்டு கம்பி முனைகளை இணைக்கும் மரை வெட்டிய கப்ளர்கள் பெரும்பாலும் 20, 25 மில்லிமீற்றர் போன்ற தடித்த கம்பிகளுக்குத்தான் பயன்படுகின்றன. உங்களுக்குத் தேவையில்லை.

கம்பிகள் சேரும் உயரம் முழுக்க, தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களை 4 அங்குலத்துக்கு ஒன்றாகப் போடுங்கள். கடல் பக்கம் என்பதால் வளையத்துக்கு வெளியே 40 மில்லிமீற்றர் கொங்கிறீட் மூடி நிற்க வேண்டும், அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் வைக்கும் சிறு கொங்கிறீட் கட்டைகளை மறக்க வேண்டாம். கடல் மணலும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் கலவைக்கு ஆகவே ஆகாது. அந்த உப்பு உள்ளிருந்தே கம்பியைத் தின்னும்.

மூன்றாம் மாடிக்கும் கம்பி விடுவதாக இருந்தால் இரண்டரை அடி விடுங்கள். கம்பி முனையில் போத்தல் கவிழ்த்து விட்டால் அடிப்பாகம் நனைந்துகொண்டேதான் இருக்கும். சீமெந்து குறைத்துப் போட்ட கொங்கிறீட்டால் கம்பியை முழுக்க மூடிவிடுங்கள், வேலை வரும்போது உடைத்துக்கொள்ளலாம்.