வாடுகிற கத்தரிக்குப் போத்தல் பற்றீரியாவா?

கேள்வி: அவிசாவளைப் பக்கம் கால் ஏக்கரில் கத்தரி போட்டிருக்கிறேன். பூக்கிற நேரத்தில் கன்றுகள் பச்சையாகவே வாடிச் சாகின்றன. புறக்கோட்டைக் கடையொன்றில் ‘மரபணு முறித்த, நோய் செய்யாத பற்றீரியா’ என்று ஒரு போத்தல் தருகிறார்கள். கம்பஸில் படிக்கும் மகன், அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்கிறான். ஊற்றலாமா ஐயா?

பதில்: மகன் சொல்வது சரிதான் தம்பி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது ரால்ஸ்டோனியா என்ற மண் பற்றீரியாவின் வேலை போலிருக்கிறது. அதன் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எது கன்றைச் சாய்க்கிறது என்று அறிய, கெடுத்துத்தான் பார்க்க வேண்டும். டிரான்ஸ்போசன் என்ற துள்ளும் டிஎன்ஏ துண்டைக் கிருமிக்குள் விட்டால், அது கண்ட இடத்தில் செருகிக்கொண்டு அங்கிருக்கும் மரபணுவை முறித்துவிடும். அப்படி முறிந்தவற்றைத் தனித்தனியாகத் தக்காளிக் கன்றுகளில் ஏற்றுவார்கள். எந்தக் கன்று வாடாமல் நிற்கிறதோ, அதில் ஏற்றிய கிருமியில் எது முறிந்தது என்று தேடுவார்கள். 1980களில் எச்ஆர்பி மரபணுக்கள் இப்படித்தான் அகப்பட்டன. செடியின் கலத்துக்குள் புரதம் ஏற்றும் ஊசி போன்ற அமைப்பைக் கட்டுபவை அவை. அவை கெட்டால் கிருமி ஆய்வுகூடத் தட்டில் நன்றாக வளரும், கன்றை மட்டும் வாட்டாது. நல்ல பிரதியைத் திருப்பி வைத்ததும் மறுபடி வாட்டினால்தான் முடிவை நம்புவார்கள்.

அப்படி நோய் செய்யாமல் போன வகையை முன்கூட்டியே ஏற்றிக் கன்றைக் காக்கவும் பார்த்தார்கள், ஓரளவுக்குத்தான் காத்தது. உங்கள் போத்தலுக்குள் என்ன இருக்கிறதென்று கடைக்காரருக்கே தெரியாது. வாடிய கன்றின் நீர்க்குழாய் ஏற்கெனவே பசையால் அடைபட்டிருக்கும், அதில் எதை ஊற்றியும் வீண்.

முதலில் இது அந்த வாடல்தானா என்று கடைக்காரர் கேட்டிருக்க வேண்டும். அடித்தண்டை வெட்டி, தெளிந்த தண்ணீருள்ள கிளாஸில் வெட்டுமுகம் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி இறங்கினால் அதுதான். இதைக்கூடக் கேட்காமல் பூஞ்சண மருந்தை நீட்டும் கடைக்குப் போகவே வேண்டாம்.

அப்புறம், நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம்: சுண்டங்கத்தரி. வேலியோரம் சும்மா நிற்கிறதே, அதன் வேரில் கத்தரியை ஒட்டுங்கள். இந்த வாடலை நன்றாகத் தாங்கும். விதை மெதுவாக முளைக்கும் என்பதால் கத்தரிக்கு மூன்று கிழமையாவது முந்திப் போடுங்கள். தண்டு இரண்டும் ஒரே தடிப்பு வந்ததும் பிளவு ஒட்டு (சுண்டங்கத்தரித் தண்டைப் பிளந்து, ஆப்பு மாதிரிச் சீவிய கத்தரித் தண்டைச் செருகுவது), ஒவ்வொரு கன்றுக்கும் பிளேட்டைத் துடைத்துக்கொண்டு. நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். புதைத்தால் கத்தரித் தண்டு மண்ணுக்குள் தன் சொந்த வேரை ஓட்டிவிடும், பிறகு ஒட்டியும் பயனில்லை.

பிடுங்கிய கன்றுகளை வாய்க்காலில் எறியாதீர்கள், கிருமி தண்ணீரோடு போய்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஏறும்.