மாடி வீட்டைக் கொரியக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாமா?

கேள்வி: போரூர் பக்கம் எங்களுக்குச் சொந்த வீடு. கீழே நாங்கள் இருக்கிறோம். மாடியை ஒரு கொரியக் குடும்பம் கேட்கிறது. இரண்டு சின்னக் குழந்தைகள். நம்பி விடலாமா?

பதில்:

விடுங்கள். ஆனால் மாதம் பிறந்தால் வாடகை வந்துவிட வேண்டும், மேலே யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவராக இருந்தால் விடாதீர்கள். கைக்குழந்தையும் பள்ளிக்கூடப் பிள்ளையுமாகத் தெரியாத ஊருக்கு வருகிறவர்களுக்கு, முதல் மூன்று மாதம் எதற்கெடுத்தாலும் கேட்க ஒரு ஆள் வேண்டும். கம்பெனியில் இருந்து வருகிற பையன் சாவியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அதற்கப்புறம் அந்த ஆள் நீங்கள்தான்.

நாங்கள் இருப்பது வளசரவாக்கம். 2022 ஜூலையில் எங்கள் மாடிக்கு ஒரு கொரியக் குடும்பம் வந்தது, இரண்டரை வருஷம் இருந்தார்கள். குடும்பத் தலைவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்ததில் இருந்தே பூந்தமல்லி சாலையில் கொரியாக்காரர்கள் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சென்னைக்கு அவர்கள் புதிதில்லை, எங்கள் தெருவுக்குத்தான் புதிது. "கம்பெனி லீஸ்மா, டபுளாக் கேளுங்க" என்றார் புரோக்கர். பழைய வாடகைக்கு மேல் மூவாயிரம் கூட வாங்கினோம், அதை மறைக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் என்றதும் பல்லைக் காட்டினோம் என்று யாராவது சொல்வீர்கள் என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பயப்படுவது வாடகை வருமா என்பதற்காக இருக்காது. மொழி, சாப்பாடு, வாசனை, இவைதானே? எங்களுக்கும் அதுதான் இருந்தது. அவர்கள் வந்த முதல் ராத்திரி, இரண்டு மணி இருக்கும், மேலே சின்னவன் அழுகிறான். "அப்பா, அப்பா" என்று தெளிவாகக் கேட்கிறது. என் மாமியாருக்கு அப்போது 84 வயது. எழுந்து உட்கார்ந்து, "யார் வீட்டுப் பிள்ளை அப்பாவைத் தேடுது?" என்று கேட்டார். கொரிய மொழியிலும் அப்பாதான், அம்மாவுக்கு 'ஒம்மா'. இது தற்செயல்தான், இதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது என்று மொழி படித்தவர்கள் சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் 'யாரோ என்னமோ' என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்த என் மாமியார் அந்த ராத்திரியோடு புலம்பலை நிறுத்திவிட்டார்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள், நம்மைப் போலவே. தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்கள் ஊரில் குளிருக்குத் தரையையே சூடாக்கி வைத்துக்கொள்வார்களாம், அதனால் தரை அவர்களுக்குப் பழகின இடம். நம் வீட்டு மொசைக் தரை சில்லென்று இருப்பது குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எந்தப் பொருளையும் இரண்டு கையாலும் கொடுப்பார்கள், இரண்டு கையாலும் வாங்குவார்கள். வாடகையும் அப்படித்தான் வரும், உறையில் போட்டு.

வாசனை பற்றி. சோயா பீன்ஸை ஊறவைத்துப் புளிக்கவைத்து ஒரு விழுது செய்கிறார்கள், அதில் குழம்பு வைத்தால் தெரு முனை வரை தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் மாதமே வந்து, "என்ன இது, குடும்பம் நடத்துற தெருவா இல்லையா?" என்று கேட்டார். நான் அவரிடம் நேராகச் சொன்னேன்: சார், எங்கள் வீட்டில் மாதம் இரண்டு தடவை நெத்திலிக் கருவாடு வறுபடுகிறது, இருபது வருஷமாக நீங்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, இதையும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அவர் பேசவில்லை. இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

அந்த வருஷம் அக்டோபர் கடைசி. மழை ஆரம்பித்துவிட்டது. அவர் கம்பெனி வேலையாகக் கொரியா போயிருந்தார். ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பெரியவள் படியிறங்கி வந்து எங்கள் வாசலில் நின்றாள். என் மாமியார் அந்தப் பையனைத் தம்பி, தம்பி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுக்கும் அந்த ஒரு சொல் தெரியும். "பாட்டி, தம்பி" என்றாள். இரண்டு கையாலும் போனை நீட்டினாள். திரையில் தமிழில் இருந்தது: 'என் மகனின் உடல் மிகவும் சூடாக உள்ளது. மூன்றாவது நாள். தண்ணீர் மறுக்கிறான்.'

மூன்றாவது நாள். நான் கீழே இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளின் அம்மா சொல்லாமலே இருந்திருக்கிறாள்.

ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். 103 டிகிரி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பது. அந்தப் பெண் கைப்பையில் இருந்து இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தாள். மேலே ஒட்டியிருந்தது முழுக்கக் கொரிய எழுத்து. போன் கேமராவை அதன் மேல் பிடித்ததும் பெயர் வந்தது. ஒன்று பாராசிட்டமால். இன்னொன்று ஐபுபுரூஃபன் வகை. அவர்கள் ஊரில் காய்ச்சல் இறங்காவிட்டால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது வழக்கம், தப்பே கிடையாது. ஆனால் டெங்குவாக இருந்தால் இரண்டாவது மருந்து ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். டாக்டர் அந்தப் பாட்டிலைத் தனியாக எடுத்து மேஜையின் மறுபக்கம் வைத்தார். ரத்தம் எடுத்தார்கள். டெங்குவைக் காட்டும் என்எஸ்1 பரிசோதனை பாசிட்டிவ்.

அவள் மேல் தப்பு சொல்வதற்காக இதை எழுதவில்லை. கொரியாவில் டெங்கு உள்ளூரில் பரவுவதில்லை, வெளியூர் போய் வருகிறவர்களுக்குத்தான் வரும். மழைக்காலத்தில் காய்ச்சல் என்றால் முதலில் பாராசிட்டமால் மட்டும், அப்புறம் ரத்தப் பரிசோதனை என்று நம் ஊரில் ஆட்டோக்காரருக்குக் கூடத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? யாராவது சொல்லியிருந்தால்தானே?

ஐந்து நாள் அட்மிட் செய்திருந்தார்கள். முன்பணம் நான் கட்டினேன், அவர் திரும்பி வந்த அன்றே உறையில் வந்துவிட்டது. இன்னொன்றையும் டாக்டர் சொன்னார், இது உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் உதவும்: டெங்குவில் காய்ச்சல் விட்டதும் நிம்மதி ஆகிவிடக் கூடாது, விட்ட பிறகு வருகிற ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து. வயிற்று வலி, விடாத வாந்தி, பிள்ளை துவண்டு போவது, இவற்றைத்தான் பார்க்க வேண்டும். அப்படியே நடந்தது. காய்ச்சல் இறங்கிய மறுநாள் பிளேட்லெட் அறுபதாயிரத்துக்கு வந்தது. அந்த ராத்திரி அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள், நான் ஸ்டூலில். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கொரிய மொழி தெரியாது, இரண்டு பேர் போனிலும் சார்ஜ் இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை ஸ்பூனில் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்தோம், அவள் ஒரு ஸ்பூன், நான் ஒரு ஸ்பூன். விடிகாலையில் பையன் சிறுநீர் கழித்தான். நர்ஸ் அளவைக் குறித்துக்கொண்டு, நல்லா இருக்கு என்று தலையாட்டியதும் அந்தப் பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. அதுவரை என்னை மேடம் என்று கூப்பிட்டவள், அப்புறம் ஊருக்குக் கிளம்பும் வரை அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மாநகராட்சியில் இருந்து கொசுப்புழு பார்க்கும் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். தொட்டி, பூந்தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே டார்ச் அடித்தார்கள். அங்கே என் மாமியாரின் ஆட்டுக்கல் இருக்கிறது. கிரைண்டர் வந்ததில் இருந்து சும்மாதான் கிடக்கிறது, குழவி எங்கேயோ போய்விட்டது. குழியில் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது. டார்ச் வெளிச்சத்தில் புழு நெளிந்தது, நன்றாகத் தெரிந்தது. தெளிந்த தண்ணீர். ஏடிஸ் கொசுவுக்கு அதுதான் வேண்டும், பகலில் கடிக்கும், பிறந்த இடத்தை விட்டு ரொம்ப தூரம் போகாது.

கடித்தது அந்தக் கொசுதான் என்று யாரும் நிரூபிக்க முடியாது, பள்ளிக்கூடத்தில் கூடக் கடித்திருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் அந்தப் பையன் தினமும் சாயந்திரம் அந்தப் படியில்தான் கார் பொம்மை வைத்து விளையாடுவான். நான் அவளிடம் போய்ச் சொன்னேன், போனில் தட்டிக் காட்டினேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் ஒரு பக்கெட்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். அந்தக் குழியை இரண்டு பேருமாகத் தேய்த்தோம். தண்ணீரை மட்டும் கொட்டினால் போதாது, முட்டை கல்லில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரித்துவிடும். தேய்த்தே ஆக வேண்டும்.

இதனால்தான் 'வெளிநாட்டுக்காரன், நம்ப முடியுமா' என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று வருகிறது. அவர்களுக்கு முன்னால் மாடியில் இருந்தவர் எங்கள் வீட்டுக்காரரின் சொந்த ஊர், தூரத்து உறவு கூட. தெரிந்தவராயிற்றே என்று மூன்று மாத அட்வான்ஸ்தான் வாங்கினோம். (2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது, இரண்டு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை. ஊரில் பத்து மாதம் வாங்குகிறவர்கள் அந்த விதிவிலக்கில்தான் வாங்குகிறார்கள்.) ஏழு மாத வாடகை பாக்கி வைத்தார். கேட்டால் கல்யாண வீட்டில் என் மானத்தை வாங்கினார். காலி செய்யும்போது ஃபேன் மூன்றையும் கழற்றிக்கொண்டு போனார், இன்றைக்கும் ஊர்த் திருவிழாவில் பார்த்தால் சித்தி என்று கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார். ஆறி விட்டது என்று நினைத்தேன், எழுதும்போது இன்னும் கொதிக்கிறது. நம்பிக்கைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

சிரமமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் குக்கர் பிளக் நம் சாக்கெட்டில் உட்காரவில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்ற வேண்டியிருந்தது. அதிகாலை தண்ணீர் லாரி சத்தத்துக்குப் பையன் அலறுவான். பல் தேய்க்கக் கூட கேன் தண்ணீர்தான், வாரம் நாலு கேன் மேலே போகும். நம் பக்கமும் தப்பு நடக்கும். பொங்கலுக்கு வாசலில் பெரிய கோலம் போட்டு, இரண்டு குழந்தைகள் பெயரையும் ஆங்கில எழுத்தில் சிவப்புப் பொடியில் எழுதினேன். கீழே வந்து பார்த்த அவள் முகம் மாறிப்போயிற்று. ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். சாயந்திரம் போனில் காட்டினாள்: உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதினால் கெடுதல் என்பது அவர்கள் நம்பிக்கை. உடனே அழித்துவிட்டு மஞ்சளில் எழுதினேன். பெரியவள் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'பாட்டி' என்று தமிழில் எழுதினாள், 'ட்' புள்ளி இல்லாமல்.

2023 மிக்ஜாம் புயலில் தெருத் தண்ணீர் எங்கள் ஹாலுக்கு வந்தபோது, என் மாமியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மேலே போனது அந்தக் கொரியக்காரர்தான். இரண்டு நாள் அவர்கள் வீட்டில்தான் இருந்தோம், கரண்ட் இல்லாமல்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தம் போடும்போது கம்பெனி பெயரில் போடுகிறார்களா, அவர் பெயரில் போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பாதியில் மாற்றல் வந்தால் எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும் எழுதிவிடுங்கள். பாஸ்போர்ட், விசா நகல் வாங்குங்கள். வெளிநாட்டவர் குடிவந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அவர்கள் விவரத்தைப் படிவத்தில் ஏற்ற வேண்டியது வீட்டு உரிமையாளர் பொறுப்பு, நாங்கள் விட்டபோது அதற்கு 'சி' படிவம் என்று பெயர். ஹோட்டலுக்குத்தான் அது என்று நாங்களும் நினைத்திருந்தோம், இல்லை. சந்தேகம் என்றால் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் இருக்கிற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். குழந்தைகள் டாக்டர் நம்பர், 108, உங்கள் நம்பர் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். சிவப்பு மையில் வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் முதல் நாளே கீழே வந்து சொல்லச் சொல்லுங்கள், அதைக் கொரிய மொழியில் மாற்றி அவர்கள் கண் முன்னால் காட்டுங்கள்.

அவர்கள் சாமான் இறங்குவதற்கு முன் ஜன்னலுக்கெல்லாம் கொசு வலை அடித்துவிடுங்கள், மொட்டை மாடித் தொட்டி மூடி சரியாக உட்காருகிறதா பாருங்கள். பின்பக்கம் பழைய ஆட்டுக்கல், உரல், டயர் ஏதாவது கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போட மாமியாருக்கு மனசு வரவில்லை. குழியில் விளிம்பு வரை மணலைக் கொட்டி நிரப்பிவிட்டோம்.